உள்பக்கத் தையல்

கடந்த பொங்கல் விடுமுறைக்கு நாகர்கோவிலுக்குப் போனபோது அம்மாவுக்கு ஒரு பிரா தைத்துக் கொண்டுபோனேன். கடையில் வாங்கியதல்ல, நானே அளவெடுத்து, வெட்டி, தைத்தது. மெரூன் நிறத்தில் மெல்லிய பருத்தித் துணி, மேல் பாதியில் அதே நிறத்தில் லேஸ், நடுவில் ஒரு சின்ன ரிப்பன் முடிச்சு.

அம்மா முப்பத்தைந்து வருடங்களாக ஊருக்கு ஜாக்கெட் தைப்பவள். எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பாள். இதையும் அப்படித்தான் பார்த்தாள். எலாஸ்டிக்கை இரண்டு விரலால் இழுத்து விட்டாள். லேஸின் ஓரத்தை மெதுவாகத் தடவினாள். பிறகு கேட்டாள்:

"ஏட்டி, இத யாரு பாக்கதுக்கு?"

கேலியில்லை, கோபமில்லை, கூச்சம்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஒரு பொருள் இருக்கிறது, அதில் அலங்காரம் இருக்கிறது, அலங்காரம் என்றால் பார்ப்பதற்கு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் யார்? ஒரு தையல்காரி கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் தெரியவில்லை. "சும்மா போட்டுக்கோம்மா" என்றேன். அவள் அதை மடித்து, வந்த கவரிலேயே போட்டு, பீரோவின் மேல் தட்டில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அந்த பீரோவின் கீழ்த் தட்டில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். சாயம் போன மூன்று பாடிகள் (பிரா என்ற சொல்லை அவள் சொல்வதில்லை). கொக்கி போன இடத்தில் ஊக்கு. துவைத்துக் காயப்போடும்போது கொடியில் அவற்றின் மேல் எப்போதும் ஒரு துண்டு விரிந்திருக்கும். நம்மில் பெரும்பாலானோர் இந்தத் துண்டை அறிவோம். அதற்கடியில் வெயில் படாமல் ஈரம் காயாமல் கிடக்கும் துணிகளோடுதான் வளர்ந்தோம்.

*

நான் தைக்கத் தொடங்கியது 2020 ஊரடங்கில். தையல்காரி மகளுக்கு அதுவரை ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது அம்மாதான். சின்ன வயதில் மெஷின் பக்கம் போனால், "நீ போய்ப் படி. இதுல ஒக்காந்தா முதுகுதான் போவும்" என்று விரட்டுவாள். நானும் படித்தேன், பொறியியல் முடித்தேன், சென்னையில் மென்பொருள் வேலைக்குப் போனேன். கடைசியில் முதுகு என்னவோ நாற்காலியில்தான் போனது.

ஊரடங்கின்போது ஒரு ஜிக்ஜாக் மெஷின் வாங்கினேன். முதலில் தலையணை உறை, பிறகு மாஸ்க், பிறகு நைட்டி. உள்ளாடைக்கு வந்தது ஒரு எரிச்சலில். கடைகளில் எனக்குச் சரியாகப் பொருந்துவது எதுவும் கிடைத்ததில்லை. கவுண்டரில் நிற்பவர் கண்ணாலேயே அளந்து ஓர் எண்ணைச் சொல்வார். டிரயல் ரூமில் போட்டுப் பார்ப்பேன். பட்டை இறுகும், இல்லை கப் பிதுங்கும். கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் பார்த்து, "நம்ம உடம்புதான் சரியில்லை" என்று நினைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட பொருந்துகிற ஒன்றை வாங்கி வருவேன். பதினைந்து வருடம் இப்படியே போனது.

அளவுமுறையை ஒழுங்காகப் படித்தது அப்போதுதான். எண் என்பது மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டையின் அளவு. எழுத்து என்பது மார்புச் சுற்றளவுக்கும் அந்தப் பட்டைக்கும் உள்ள வித்தியாசம்: ஏறத்தாழ ஓர் அங்குலம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி. அதாவது எழுத்துக்கென்று தனியாக ஓர் அளவு கிடையாது. 34 சியின் கப்பும் 36 பியின் கப்பும் ஒரே கொள்ளளவுதான். தோழிகள் நாங்கள் ஹாஸ்டலில் ரகசியக் குரலில் பெருமையோடும் அவமானத்தோடும் பேசிக்கொண்ட அந்த எழுத்து வெறும் கழித்தல் கணக்கு. இன்னொன்றும் தெரிந்தது. எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது தோள் ஸ்ட்ராப் அல்ல, அந்தச் சுற்றுப்பட்டைதான். தோளில் பள்ளம் விழுந்த எத்தனையோ அம்மாக்களுக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

தைப்பது எளிதல்ல. ஒரு பிராவில் ஸ்ட்ராப், வளையம், கொக்கி எல்லாம் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள் வரும். சாதாரண நேர்த்தையல் போட்டால், துணி இழுபடும்போது நூல் பட்டென்று அறுந்துவிடும், அதனால் ஜிக்ஜாக். கூர் ஊசி பின்னல் துணியில் ஓட்டை போடும். அதனால் முனை உருண்ட ஊசி. எலாஸ்டிக்கைச் சற்று இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு இழுக்கக் கூடாது. லேஸ்தான் இருப்பதிலேயே பொறுமையைச் சோதிப்பது. வலது கப்பில் உள்ள பூவுக்குக் கண்ணாடிப் பிம்பம்போல் இடது கப்பில் ஒரு பூ அமைய வேண்டும். லேஸை மடித்து, பூவோடு பூவைப் பொருத்தி, குண்டூசி குத்தி, இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் கத்தரியை எடுக்கலாம். என் முதல் பிராவில் துணி இழுபடும் திசையை மாற்றி வெட்டிவிட்டேன். கொக்கி முதுகுக்கு வந்து சேரவே இல்லை.

அன்று கண்ணாடி முன்னால் நின்றபோது ஒரு விஷயம் உறைத்தது. பொருந்தாத பிராவோடு நான் எத்தனையோ முறை கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறேன். முதல் தடவையாக எனக்கு என் உடம்பின் மேல் கோபம் வரவில்லை. "பட்டையைத் தப்பா வெட்டிட்டோம்" என்றுதான் தோன்றியது. கடையில் அளவு நிலையானது, அதில் தேறுவதும் தோற்பதும் உடம்பு. வீட்டு மேசையில் உடம்பு நிலையானது, தேற வேண்டியது துணி. குற்றவாளிக் கூண்டில் நிற்கிற ஆள் மாறிவிட்டது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே எல்லாப் பெண்களும் ஒருமுறையாவது தைத்துப் பார்க்கலாம் என்று சொல்வேன்.

ஆனால் இது அம்மாவின் கேள்விக்குப் பதிலாகாது. பொருத்தம் சரி. லேஸ் எதற்கு?

*

இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. முதலாவது, கணவன் பார்க்க. இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். விரும்புகிறவர் கண்ணில் அழகாகத் தெரிய ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதுதான் முழுக் காரணம் என்றால், அவர் ஊரில் இல்லாத வாரங்களில் நான் சாயம் போனதைப் போட்டுக்கொள்ள வேண்டும். போடுவதில்லை. சொல்லப்போனால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாட்களில், யாரையும் சந்திக்காத நாட்களில்தான், அதிக சிரமப்பட்டுத் தைத்ததை எடுத்து உடுத்துகிறேன்.

இரண்டாவது பதில், எனக்காக. இதைத்தான் நானும் சில வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். தோழிகளிடம் சொல்லும்போது நன்றாகவும் இருந்தது. பிறகு யோசித்தால் அதில் ஏதோ இடித்தது. ஒன்று, இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் விளம்பரங்கள் நமக்கு எல்லாவற்றையும் விற்கின்றன. இரண்டு, எனக்காக என்றால் என்ன அர்த்தம்? பார்க்க வேறு ஆள் இல்லை, அதனால் நானே பார்வையாளர் என்பதுதானே? கணவன் இருந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நாற்காலி அப்படியே இருக்கிறது. அதோடு, சட்டையைப் போட்டபின் நானும்தான் அதைப் பார்ப்பதில்லை. நாள் முழுக்க அது யார் கண்ணிலும் படாமல்தான் இருக்கிறது.

அப்படியானால் யாரும் பார்க்காத அழகுக்கு என்ன நியாயம்?

*

எங்கள் ஊருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நாடார் பெண்களும் அவர்களைப்போலத் தாழ்த்தி வைக்கப்பட்ட பிற சாதிப் பெண்களும் மார்பை மூடக்கூடாது என்பது அங்கே வழக்கமாகவும் சட்டமாகவும் இருந்தது. திறந்த மார்பு, மேலே இருப்பவர்களுக்குக் காட்டும் மரியாதை. மூடினால் அது திமிர். கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் அணிந்தார்கள், மேலாடையும் போட்டார்கள். சந்தையில் அவை கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்டன. 1829-இல் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டு, மேலாடை கூடாது என்று மீண்டும் உறுதி செய்தது. 1858-59-இல் கலவரம் உச்சத்துக்குப் போனது. சென்னை ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யனின் அழுத்தமும் சேர, 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் அனுமதி அறிவிப்பை வெளியிட்டார். தோள்சீலைப் போராட்டம் என்று பள்ளியில் ஒரு பத்தியில் படித்தது. எங்கள் வீட்டுக் கிழவிகளின் கிழவிகளுக்கு அது பாடமல்ல.

அந்த அறிவிப்பின் வாசகத்தை எத்தனையோ வருடம் கழித்துத்தான் படித்தேன். நான் நினைத்ததுபோல அது முழு அனுமதி இல்லை. குப்பாயம் போடலாம், மீனவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தக்கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையில் நின்றுவிட்டேன். முப்பது நாற்பது வருடம் அடிபட்டு வாங்கியது, தேவைக்கான அனுமதி. மறைத்துக்கொள், உனக்கு அவ்வளவு போதும். அதற்கு மேலே உள்ள அழகு, பாணி, மடிப்பு எல்லாம் வேறொருவருடையது.

இதே ஊர், இதே காலத்தின் இன்னொரு காட்சியையும் பக்கத்தில் வைக்க வேண்டும். லண்டன் மிஷனைச் சேர்ந்தவர்களின் மனைவிமார் 1820களிலேயே நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் ஐரோப்பிய முறை. அந்த லேஸ் ஐரோப்பியப் பெண்களின் உடைகளுக்கு விற்கப்பட்டது. நாகர்கோவில் லேஸ் என்று பெயரும் எடுத்தது. யோசித்துப் பாருங்கள். மார்பின் மேல் ஒரு துணி போட்டதற்காகத் தெருவில் தாக்கப்பட்ட பெண்களின் ஊரில், அவர்களுடைய பிள்ளைகள் வேறு பெண்களின் மார்பை அலங்கரிக்க நுணுக்கமாகப் பூப்பின்னிக் கொண்டிருந்தார்கள். கைக்கு அந்த அழகு தெரியும். உடம்புக்கு அனுமதி இல்லை.

அலங்காரம் என்பது தேவைக்கு மேல் ஒட்டவைத்த அற்பம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது அற்பம் என்றால் ஏன் ஓர் அரசு அதைத் தனியாகப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும்? தடுத்தவர்களுக்கு அதன் பொருள் தெரிந்திருந்தது. தேவையை நிறைவேற்றும் துணி, "இந்த உடம்பு பிழைத்திருக்க வேண்டும்" என்று சொல்கிறது. அலங்கரித்த துணி, "இந்த உடம்பு அதற்கு மேலும் தகுதியானது" என்று சொல்கிறது. ஏணியில் யார் எங்கே என்று முடிவு செய்கிறவர்களுக்கு இரண்டாவது வாக்கியம்தான் ஆபத்து.

*

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். வர வேண்டும்.

"நல்ல சம்பளம் வாங்குகிறாய். சனி ஞாயிறு லீவு. லேஸும் எலாஸ்டிக்கும் சேர்ந்து கடை விலையைவிட அதிகம் ஆகிறது. ஓய்வு நேர விளையாட்டுக்கு ஏன் தோள்சீலைப் பெண்களைக் கூப்பிடுகிறாய்?" நியாயம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களும் உள்ளாடைதான் தைக்கிறார்கள். ஒருவர் நாள் முழுக்க எலாஸ்டிக் மட்டும், இன்னொருவர் நாள் முழுக்க லேபிள் மட்டும். அவர்களிடம் போய், தைப்பதில் ஒரு தத்துவம் இருக்கிறது என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. என் அம்மாவிடம்கூட இல்லை. என்னை மெஷினிடமிருந்து விரட்டியது, எனக்கு இந்த ஓய்வு கிடைக்க வேண்டும் என்றுதான்.

ஆகவே வீட்டில் தைப்பது புரட்சி என்றெல்லாம் சொல்ல வரவில்லை. ஒரு பெண் தைத்ததை இன்னொரு பெண் உடுத்துவதில் தவறும் இல்லை. நான் கவனிப்பது ஒன்றைத்தான். லேஸ் பின்னிய பிள்ளைகள், எலாஸ்டிக் தைக்கும் பெண்கள், ஜாக்கெட் தைக்கும் என் அம்மா: இவர்கள் எல்லோருக்கும் அழகை உண்டாக்கத் தெரியும். தங்களுக்கென்று வரும்போது மட்டும் "யாரு பாக்கதுக்கு?" வந்துவிடுகிறது.

அம்மாவின் விஷயத்தில் இது எனக்கு விசித்திரமாகவே இருந்தது. ஏனென்றால் யாரும் பார்க்காத இடத்தில் ஒழுங்கு வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். "வெளித்தையல் எல்லாவளும் அடிப்பா. உள்ள திருப்பிப் பாத்தாத்தான் கை தெரியும்" என்பாள். அம்மா தைத்த ஜாக்கெட்டின் உள்பக்கம் வெளிப்பக்கம்போலவே இருக்கும். ஓரம் மடித்துத் தைத்திருக்கும், நூல் தொங்காது, பிற்பாடு பிரித்துத் தளர்த்துவதற்கு இரண்டு பக்கமும் துணி விட்டிருக்கும். உடுத்துகிறவள்கூட உள்பக்கத்தைப் பார்க்கப்போவதில்லை. ஐம்பது ரூபாய் கூலிக்குத் தைத்த நாட்களிலும் அவள் அதைக் குறைத்ததில்லை.

என் வேலையிலும் இது உண்டு. ஒரு செயலியை ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தலாம். அதற்குள்ளிருக்கும் நிரலை அவர்களில் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். "ஓடுது இல்ல, விடு, யார் பாக்கப்போறா?" என்பது ஐடி கம்பெனிகளில் இரவு பத்து மணிக்கு மேல் அடிக்கடி கேட்கும் வசனம். ஆனால் நேர்மையாகச் சொன்னால், நிரலுக்கு ஒருநாள் பார்வையாளர் உண்டு. இரண்டு வருடம் கழித்து அதைத் திருத்த வருகிறவர். ஜாக்கெட்டின் உள்பக்கத்துக்கும் உண்டு, பிரித்துத் தைக்க வரும் இன்னொரு தையல்காரி. லேஸுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. இந்த இடத்தில் என் உவமைகள் கைவிடுகின்றன.

ஆனாலும் அம்மா உள்பக்கத்தை ஒழுங்காகத் தைத்தது, யாரோ ஒருநாள் பிரிப்பார்கள் என்பதற்காக மட்டும்தானா? நான் பார்த்தவரை இல்லை. வேலை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், கொடுத்தவள் யாராயிருந்தாலும். பார்த்தால் மதிப்பது, பார்க்காவிட்டால் விடுவது என்பது அவள் கணக்கில் இல்லை. மதிப்பு முதலில், பார்வை அப்புறம். பார்வை வராமலே போனாலும் மதிப்பு குறைவதில்லை. நான் தேடிய பதில் இதுதான் என்று நினைக்கிறேன். லேஸ் யாரும் பார்ப்பதற்காக அல்ல, நான் பார்ப்பதற்காகவும் அல்ல. ஓர் உடம்பைப் பார்வைக்கு முன்பே மதிக்கலாம் என்பதை என் கைகள் பழகிக்கொள்வதற்காக. ஊரார் உடம்புக்கெல்லாம் அம்மா கொடுத்த உள்பக்கத் தையலை, அவள் கொடுக்காமல் விட்டது ஓர் உடம்புக்கு மட்டும்தான்.

*

இப்படி ஒரு முடிவுக்கு வந்து, அதில் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டிருந்தபோது, இன்னொரு உறுத்தல் வந்தது. அம்மாவுக்கு நான் கொடுத்தது பரிசா, வாதமா? அவளுக்கு எது போதும் என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள் என்று நூற்றைம்பது வருடத்துக் கதையெல்லாம் சொன்னேன். இப்போது "அது போதாது" என்று முடிவு செய்கிறவள் நான். அவளுக்கு லேஸ் பிடிக்காமலே இருக்கலாம். ஊக்கு குத்திய பாடி அவளுக்குத் தியாகமாக இல்லாமல், வெறும் சௌகரியமாக இருக்கலாம். ஒருவர் வேண்டாம் என்பதை அவருடைய வேண்டாம் ஆகவே எடுத்துக்கொள்வதும் மதிப்புதான். கோடு எங்கே என்பதைவிட, கோட்டை வரைகிற கை யாருடையது என்பதுதான் விஷயம் என்றால், அந்தக் கை என்னுடையதாகவும் இருக்கக்கூடாது. ஆகவே அதைப் பற்றி அம்மாவிடம் பிறகு கேட்கவே இல்லை.

ஆடி மாதம் மறுபடி ஊருக்குப் போயிருந்தேன். கிளம்புகிற அன்று காலையில் அம்மா மெஷினில் உட்கார்ந்து ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். மெரூன் நிறம். கீழ்ப்பட்டையில் நான் போட்டிருந்த தையல் முழுக்கப் பிரிக்கப்பட்டிருந்தது. அவளுடைய பழைய மெஷினில் நேர்த்தையல் மட்டும்தான் விழும். அதனால் ஊசி குத்தும் இடத்தைக் கையாலேயே இப்படியும் அப்படியும் நகர்த்தி, கோணல் கோணலாக எலாஸ்டிக்கைத் திரும்ப வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். லேஸைத் தொடவில்லை.

தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"எலாஸ்டிக்க ரொம்ப இழுத்து வச்சி அடிச்சிருக்க மக்ளே. தோல்ல தடம் விழுது."